பழைய ஆங்கிலச் சொற்களின் பொருளும் இலத்தீன் வேரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் உள்ள இலத்தீன் என்றதும் நீதிமன்றத்திலும் மருத்துவ நூல்களிலும் புழங்கும் நீண்ட சொற்களையே பலரும் நினைக்கின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை கடந்த ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளில் படித்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை. அவற்றுக்கு வெகு முன்பே வேறொரு தொகுதி இலத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து, ஓரசையாகவும் ஈரசையாகவும் தேய்ந்து, இன்று யாருக்கும் அயலாகத் தோன்றாத அளவுக்குக் கலந்துவிட்டன. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்த மூத்த தொகுதியைப் பற்றியவை. அயல் சொற்களின் ஒலிப்பு, தமிழ் எழுத்தில் இயன்ற அளவு நெருக்கமாகத் தரப்பட்டுள்ளது.

'பழைய ஆங்கிலம்' என்பது எந்தக் காலத்து மொழி?

ஷேக்ஸ்பியரின் மொழியைப் பழைய ஆங்கிலம் என்று பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. மொழியியலில் அது பொருந்தாது. 1600ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதியது தொடக்ககால நவீன ஆங்கிலம். பழைய ஆங்கிலம் என்பது, ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட கடலைத் தாண்டி பிரிட்டனில் குடியேறிய ஆங்கிலர், சாக்சனியர், ஜூட்டியர் ஆகியோரின் ஜெர்மானியப் பேச்சிலிருந்து உருவாகி, ஏறத்தாழ 1100 வரை வழங்கிய மொழியாகும். வேற்றுமை உருபுகளும் மூன்று பாலும் கொண்ட அந்த மொழியை இன்றைய ஆங்கிலேயர் தனியே பயிலாமல் படிக்க இயலாது. சங்கப் பாடலை உரையில்லாமல் எடுத்துவைத்துக்கொண்டு தடுமாறும் தமிழரின் நிலை அவர்களுடையதைவிட எவ்வளவோ மேல்.

ரோமானியர் பிரிட்டனை ஆண்டபோதுதானே இலத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன?

இவ்விடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ரோமானியர் கி.பி. 43 முதல் ஏறத்தாழ 410 வரை பிரிட்டனை ஆண்டனர். அப்போது அந்தத் தீவின் மக்கள் பேசியது கெல்த்திய மொழி; ஆங்கிலம் என்ற மொழி அங்கே காலடி வைக்கவே இல்லை. ஆங்கிலேயரின் முன்னோர் அந்தக் காலத்தில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளில் வாழ்ந்துகொண்டிருந்தனர். ரைன் ஆற்றுக்கு இப்பாலும் அப்பாலுமாக நடந்த வணிகத்தின் மூலமாகவும், ரோமானியப் படையில் கூலிக்குச் சேர்ந்த ஜெர்மானிய வீரர்கள் மூலமாகவும், அவர்கள் இலத்தீன் சொற்களைக் காதால் கேட்டுப் பெற்றார்கள். பின்னர் அவற்றைக் கப்பலேற்றிப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

எனவே முதல் அடுக்குச் சொற்கள் எல்லாம் கையில் பிடிக்கக்கூடிய பொருள்களின் பெயர்களாக இருப்பதில் வியப்பில்லை. 'வீனும்' என்பது ஒயின். 'காசேயுஸ்' என்பது சீஸ். 'பூட்டீரும்' என்பது பட்டர். 'டேகுலா' என்பது டைல், அதாவது ஓடு. 'வாலும்' என்ற மண்ணரண் வால் என்ற சுவராயிற்று. 'ஸ்ட்ராட்டா' என்றால் பரப்பப்பட்டது, பாவப்பட்டது என்று பொருள். கல் பாவிய சாலையை ரோமானியர் 'வியா ஸ்ட்ராட்டா' என்றனர். அதில் சாலை என்னும் பொருள்தரும் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு அடைமொழியை மட்டும் ஜெர்மானியர் எடுத்துக்கொண்டதால் ஸ்ட்ரீட் பிறந்தது. படையும் கடையும் தந்த சொற்கள் இவை. இவற்றுள் தத்துவமோ இலக்கணமோ ஒன்றும் இல்லை.

சந்தையிலிருந்து வந்த சொற்களுக்குச் சில எடுத்துக்காட்டுகள் தர இயலுமா?

மிகச் சுவையானது சீப் என்ற சொல். இன்று மலிவு என்று பொருள்படும் இதன் மூலம் 'கௌப்போ' என்ற இலத்தீன் சொல். சிறு கடைக்காரன், சத்திரக்காரன் என்பது அதன் பொருள். பழைய ஆங்கிலத்தில் 'சேயாப்' என்றால் பேரம், வணிகம், விலை என்றுதான் அர்த்தம். மலிவு என்ற வாடையே அதில் இல்லை. நல்ல பேரம் என்று பொருள்படும் தொடரில் அடிக்கடி வந்து வந்து, பின்னர் 'நல்ல' என்ற அடை உதிர்ந்தும் அதன் பொருளைத் தான் ஏற்றுக்கொண்டது. இலண்டனின் சீப்சைடு என்ற தெரு மலிவு விலைத் தெரு அன்று. அது பழைய சந்தைத் தெரு. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் பெயருக்கு வணிகர் துறைமுகம் என்று பொருள். அதன் முற்பகுதியிலும் அதே கடைக்காரன்தான் ஒளிந்திருக்கிறான்.

பவுண்டு என்ற சொல்லின் கதை நம்மூர் நகைக்கடை வரை நீள்கிறது. ரோமானியர் எடையைச் சொல்லும்போது 'லிப்ரா பொண்டோ', அதாவது 'எடையில் ஒரு லிப்ரா' என்றனர். இங்கும் ஜெர்மானியர் பின்சொல்லான 'பொண்டோ'வை எடுத்துக்கொண்டனர். பிரெஞ்சுக்காரருக்கு முன்சொல்லான 'லிப்ரா' கிடைத்து 'லீவ்ர்' ஆயிற்று. ஆங்கிலேயரோ சொல்லில் பொண்டோவையும் குறியீட்டில் லிப்ராவையும் வைத்துக்கொண்டார்கள்: பவுண்டு நாணயத்தின் குறியீடு லிப்ராவின் முதலெழுத்தே. 1971 பிப்ரவரி 15 அன்று தசம நாணயம் வரும்வரை பென்னிக்கு இட்ட குறியும் 'டெனாரியுஸ்' என்ற ரோமானிய வெள்ளி நாணயத்தின் முதலெழுத்தாகவே இருந்தது. ஆங்கிலேயரின் பொற்காசு மூலமாகத் தமிழுக்கு வந்த பவுன் இந்தப் 'பொண்டோ'வின் பேரப்பிள்ளை. அதே 8 கிராம் தங்கத்தைச் சவரன் என்று சொன்னாலும் இலத்தீனிலிருந்து தப்பிக்க முடியாது. ஆங்கிலத்தின் சாவரின், பிரெஞ்சு வழியாக, மேல் என்று பொருள்படும் 'சூப்பெர்' என்ற இலத்தீன் சொல்லுக்குப் போய்ச் சேர்கிறது.

ரோம் நகரின் காப்பிட்டோலின் குன்றில் யூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயில் இருந்தது. நாணயம் அடிக்கும் சாலை அதை ஒட்டி அமைந்ததால் 'மொனேட்டா' என்பதே நாணயச்சாலைக்கும் நாணயத்துக்கும் பெயராயிற்று. பழைய ஆங்கிலத்தில் 'மினெட்' என்றால் காசு. அது இன்றைய மின்ட். மைல் என்பது 'மீலியா பாசூம்', அதாவது நடையில் எடுத்துவைக்கும் எட்டு ஆயிரம். ரோமானியர் இடக்காலும் வலக்காலும் மாறி ஒரு சுற்று முடிவதையே ஓர் எட்டாகக் கணக்கிட்டதால் அது நாம் நினைப்பதைவிட நீளமானது. 5,280 அடி என்ற இன்றைய அளவு 1593ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தால் வந்தது.

ஒரு சொல் எந்தக் காலத்தில் கடன் வாங்கப்பட்டது என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

எழுத்துச் சான்று இல்லாத காலத்துக்கு ஒலி மாற்றமே சான்று. ஒரு மொழியில் குறிப்பிட்ட ஒலி மாற்றம் ஒரு காலத்தில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அதற்கு முன் வந்த சொல் அதற்கு ஆட்பட்டிருக்கும், பின் வந்த சொல் ஆட்பட்டிராது.

பழைய இலத்தீனில் வகரம், இரு உதடுகளையும் குவித்து ஒலிக்கப்பட்டது. பின்னாளில் அது மேற்பல்லும் கீழுதடும் சேரும் ஒலியாக மாறியது. உதடு குவித்த காலத்தில் போன சொல் ஒயின். அதே வேரிலிருந்து, ஒலி மாறிய பின் பிரெஞ்சு வழியாக வந்த சொல் வைன், அதாவது திராட்சைக்கொடி. தமிழில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து என்பதால் வேறுபாடு நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. 'ஒயின்' என்று எழுதும் வழக்கம் அதை ஓரளவு காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாவது சான்று ககரம் சகரமாவது. பழைய ஆங்கிலத்தில் இகர எகரங்களை ஒத்த முன்னுயிர்களுக்கு முன்வரும் ககரம் சகரமாகத் திரிந்தது. 'காசேயுஸ்' ஜெர்மனில் ககரத்தோடு 'கேஸ' என்று நிற்க, ஆங்கிலத்தில் சீஸ் ஆனதற்கும், 'கால்க்ஸ்' என்ற சுண்ணாம்பு, சாக் ஆனதற்கும் இதுவே காரணம். தமிழருக்கு இந்தத் திரிபு புதிதன்று. கன்னடத்தில் 'கிவி' என்று ககரத்தோடு நிற்கும் சொல் தமிழில் 'செவி' ஆகியிருக்கிறது.

மூன்றாவது, பின்னால் வரும் இகரம் முன்னால் உள்ள உயிரைத் தன் பக்கம் இழுப்பது. 'மொனேட்டா' 'மினெட்' ஆனதும், 'ஊன்கியா' இன்ச் ஆனதும், கிணறு என்று பொருள்படும் 'பூட்டேயுஸ்' பிட் என்ற குழியானதும் இந்த இழுப்பால்தான். இந்த மாற்றம் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டுக்குள் ஓய்ந்துவிட்டது. எனவே அதன் தழும்பைத் தாங்கிய சொல் அதற்கு முன்பே மொழிக்குள் இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கிச்சன் என்ற சொல்லுக்கும் நம் குசினிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டும் உடன்பிறப்புகள். மூலம் 'கொக்குவீனா', பேச்சு இலத்தீனில் அது 'கொக்கீனா'. இதில் இரண்டு ககரங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் ககரத்தை அடுத்து ஒகரம் இருந்ததால் அது திரியாமல் நின்றது. இரண்டாவது ககரத்தை அடுத்து ஈகாரம் இருந்ததால் அது சகரமாயிற்று. அந்த ஈகாரமே முதல் உயிரையும் தன் பக்கம் இழுத்து இகரத்துக்குக் கொண்டுசேர்த்தது. முந்தைய விடையில் சொன்ன பின்னிரண்டு விதிகளும் ஒரே சொல்லில் வேலை செய்து முடித்தபோது கையில் நின்றது கிச்சன்.

அதே 'கொக்கீனா' ஐபீரியக் கரையில் போர்த்துக்கீசியரின் 'கொசீஞா' ஆகி, பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் நம் கரைகளுக்கு வந்து குசினியாயிற்று. யாழ்ப்பாணத்தில் அது இன்றும் அன்றாடச் சொல். இலங்கைத் தமிழரின் பாண், இலத்தீனின் 'பானிஸ்' என்ற ரொட்டி, மேசை, 'மென்சா', சாவி, 'கிளாவிஸ்' என்ற திறவுகோல். ஆகவே கிச்சன் ஆங்கிலம், குசினி நம்முடையது என்று வாதிடுவோருக்கு இரண்டு தரப்பிலும் வெற்றி இல்லை.

பெப்பர், ஜிஞ்சர் ஆகியவை தமிழிலிருந்து போனவை என்கிறார்களே, அது சரியா?

பாதி சரி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெப்பர், பழைய ஆங்கிலத்தில் 'பிப்போர்', இலத்தீனில் 'பிப்பெர்', கிரேக்கத்தில் 'பெப்பெரி', அதற்கும் பின்னால் இந்திய மொழிகளின் 'பிப்பலி'. பிப்பலி என்பது மிளகு அன்று, திப்பிலி. திப்பிலியின் பெயரை மேலைநாட்டார் மிளகின் மேல் ஏற்றிவிட்டார்கள். அதனால் சொல் தமிழின் மிளகிலிருந்தோ, மிளகுக்குச் சங்க காலத்தில் வழங்கிய 'கறி' என்ற பெயரிலிருந்தோ போகவில்லை. சரக்கு போனது என்னவோ சேரர் கரையிலிருந்துதான். யவனரின் கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு திரும்பிய முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது.

ரோமானியருக்கு மிளகு எவ்வளவு அருமையானது என்பதற்கு ஒரு செய்தி போதும். 408ஆம் ஆண்டில் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத்தியத் தலைவன் அலாரிக், விலகிப்போகக் கேட்ட பொருள்களில் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. ஆங்கிலேய மண்ணில் இன்னும் அணுக்கமான ஒரு காட்சி உண்டு. ஜாரோ மடத்துத் துறவியும் வரலாற்று ஆசிரியருமான பீடு, 735ஆம் ஆண்டு இறக்கும் தறுவாயில், தம் சிறு பெட்டியில் வைத்திருந்த அரிய பொருள்களை மடத்துக் குருமாருக்குப் பகிர்ந்து கொடுத்தார் என்று அவருடைய மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தப் பெட்டியில் இருந்தவை மிளகு, துணித்துண்டுகள், சாம்பிராணி. வாழ்நாள் முழுவதும் மடத்தில் கழித்த ஒருவரின் சொத்துக் கணக்கு அவ்வளவே. அதில் முதலில் எழுதப்பட்டிருப்பது மிளகு.

ஜிஞ்சர் பற்றிய உரிமைக்கு அடிப்படை வலுவானது. பழைய ஆங்கிலத்தின் 'ஜிஞ்சிஃபெர்', பிற்கால இலத்தீனின் 'ஜிஞ்சிபெர்'. அதன் மூலம் கிரேக்கத்தின் 'சிங்கிபெரிஸ்'. அதன் மூலம் பாலியின் 'சிங்கிவேர'. இந்தச் சொல்லில் உள்ள இரு உறுப்புகள் திராவிடத்தின் இஞ்சியும் வேரும் என்பது ஆய்வாளர் பரவலாக ஏற்ற கருத்து. வடமொழியில் 'சிருங்கவேர' என்று கொம்போடு தொடர்புபடுத்தியது, அயற்சொல்லுக்குப் பின்னாளில் கற்பித்த விளக்கம்.

செஸ்டர், கேஸ்டர் என்று முடியும் ஊர்ப்பெயர்களின் பொருள் என்ன?

'காஸ்ட்ரா' என்றால் படை முகாம். பழைய ஆங்கிலத்தில் அது 'சேயாஸ்டர்' ஆகி, ரோமானியர் விட்டுப்போன கோட்டை நகரங்களைக் குறித்தது. மமூக்கியம் என்ற கோட்டை மான்செஸ்டர்; வெண்டா என்பது வின்செஸ்டர்; லூன் ஆற்றங்கரை முகாம் லங்காஸ்டர்; டான் ஆற்றங்கரை முகாம் டான்காஸ்டர். பின்னிரண்டிலும் ககரம் கெடாமல் நிற்பதற்கு, வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டினேவியரின் நாக்கே காரணம் என்று விளக்குவர். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர்பெற்ற கோயம்புத்தூர் வட்டாரத்தில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

கிறித்தவ சமயத்தின் மூலம் வந்தவை எவை?

597ஆம் ஆண்டில் போப் முதலாம் கிரகோரி அனுப்பிய அகஸ்டின், கென்ட் நாட்டில் கரையிறங்கினார். அதிலிருந்து இலத்தீன் புத்தக வடிவில் வரத் தொடங்கியது. பிஷப், பிரீஸ்ட், மங்க், நன், மாஸ், கேண்டில், ஸ்கூல், மாஸ்டர் முதலியவை இந்த அடுக்கைச் சேர்ந்தவை. இவற்றுள் சில இலத்தீனுக்கே கிரேக்கம் தந்தவை. மடத்தைக் குறிக்கும் 'மொனாஸ்டேரியும்' என்ற சொல், மின்ஸ்டர் ஆகி வெஸ்ட்மின்ஸ்டரில் நிற்கிறது. பிஷப்பும் மங்க்கும் அப்படியே நிலைத்துவிட்டன என்பதைத் தவிர அவற்றில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பொருள் மாறிய மூன்று சொற்களே கவனிக்கத்தக்கவை.

முதலாவது நூன். 'நோனா ஹோரா' என்றால் ஒன்பதாம் மணி. சூரியன் எழுவதிலிருந்து எண்ணும் ரோமானியக் கணக்கில் அது ஏறத்தாழப் பிற்பகல் மூன்று மணி. மடங்களில் அந்த நேர வழிபாட்டுக்கும் அதுவே பெயர். வழிபாட்டு நேரமும் உணவு நேரமும் படிப்படியாக முன்னே நகர்ந்ததால், பதினான்காம் நூற்றாண்டுக்குள் நூன் நண்பகலுக்கு வந்து நிலைத்தது. இன்று ஆங்கிலேயர் பன்னிரண்டு மணியை ஒன்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது ஷ்ரைன். 'ஸ்க்ரீனியும்' என்பது ஏடுகளும் சுவடிகளும் வைக்கும் பேழை. புனிதரின் எலும்புகளை வைக்கும் பேழைக்கு அந்தப் பெயர் வந்து, பேழை இருக்கும் இடத்துக்கும் பரவி, இன்று எந்த வழிபாட்டிடத்தையும் குறிக்கிறது.

மூன்றாவது ஷ்ரைவ். 'ஸ்க்ரீபெரே' என்றால் எழுதுதல். ஜெர்மானியர் பலர் எழுதுவதற்கே அச்சொல்லைக் கொண்டனர். ஆங்கிலேயரோ எழுதுவதற்குத் தம் சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, இதை வேறொரு வேலைக்கு விட்டார்கள்: பாவ அறிக்கை கேட்ட குரு பரிகாரம் விதிப்பது. விதிப்பது என்பது எழுதிக்கொடுப்பதுதானே. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையான ஷ்ரோவ் டியூஸ்டேயில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

கடன் வாங்காமல் மொழிபெயர்த்துக்கொண்ட சொற்களும் உண்டா?

ஏராளம், இந்தப் பக்கத்தைப் பேசுவோர் குறைவு. 'எவங்கேலியும்' என்பதற்குப் பழைய ஆங்கிலேயர் 'கோட்ஸ்பெல்' என்றனர்: 'கோட்' நல்ல, 'ஸ்பெல்' செய்தி. தமிழ்க் கிறித்தவர் நற்செய்தி என்று ஆக்கிக்கொண்டதும் அதே முறைதான். முதல் உயிர் குறுகியதால் கடவுளைக் குறிக்கும் சொல் என்று பின்வந்தோர் மயங்கினர். இன்றைய காஸ்பல் அந்த மயக்கத்தின் விளைவு.

ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் எல்ஃப்ரிக் என்ற துறவி, இலத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதினார். இலக்கணம் என்பதற்கு எழுத்துக்கலை என்று பொருள்படும் 'ஸ்டாஃப்கிராஃப்ட்' என்றும், பெயருக்கு முன்னே வைக்கப்படும் இடைச்சொல்லுக்கு முன்வைப்பு என்று பொருள்படும் 'ஃபோரெசெட்னிஸ்' என்றும் அவர் எழுதினார். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் இத்தகைய ஆக்கங்கள் பலவும் வழக்கொழிந்து, அவற்றின் இடத்தில் பிரெஞ்சும் இலத்தீனும் அமர்ந்தன. சொந்த வேரிலிருந்து கலைச்சொல் படைக்கும் ஆற்றல் ஆங்கிலத்துக்கு இல்லை என்று சொல்பவர்கள் எல்ஃப்ரிக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கிழமைப் பெயர்களும் மொழிபெயர்ப்பே. ரோமானியரின் செவ்வாய்க் கோளுக்குரிய நாள் மார்ஸ் என்ற போர்த்தெய்வத்தின் நாள். அதற்கு ஈடாகத் தம் போர்த்தெய்வமான டியூவின் பெயரை ஜெர்மானியர் வைத்தனர். புதனுக்கு வோடன், வியாழனுக்கு இடித்தெய்வமான துனோர், வெள்ளிக்கு ஃப்ரிக் என்று பெயர் மாறின. சனிக்கு மட்டும் ஈடு கிடைக்காததால் சாட்டர்ன் அப்படியே சாட்டர்டேயில் உட்கார்ந்திருக்கிறார். தமிழில் அதே ஏழு கோள்கள் அதே வரிசையில் வருவது தற்செயல் அன்று. கோள்வார முறை மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து இரு திசைகளிலும் பரவியது.

ஃபாதர் என்பது 'பாட்டெர்' என்ற இலத்தீனிலிருந்து வந்ததுதானே?

இல்லை. இரண்டும் ஒரே தொல்மொழியிலிருந்து தனித்தனியே இறங்கியவை. ஒன்று மற்றொன்றின் மகள் அன்று. இலத்தீனின் பகரம் ஜெர்மானியத்தில் ஃபகரமாகவும், ககரம் ஹகரமாகவும் ஒழுங்காக ஒத்து வருவதை மொழியறிஞர்களான ராஸ்க் 1818இலும் யாக்கோபு கிரிம் 1822இலும் எடுத்துக்காட்டினர். 'பிஸ்கிஸ்' ஃபிஷ், 'கோர்னு' ஹார்ன், 'கெண்டும்' ஹண்ட்ரட் எல்லாம் இவ்வகை.

இதிலிருந்து ஒரு பயனுள்ள உரைகல் கிடைக்கிறது. பகரம் பகரமாகவே நின்றால் அந்தச் சொல் பெரும்பாலும் கடன். பிட், பவுண்டு, பெப்பர், பியர் பழம், பிளம் பழம் ஆகியவை அப்படிப்பட்டவை. மாறாக, ஒலியும் பொருளும் அச்சாக ஒத்திருந்தால் ஐயப்பட வேண்டும். ஆங்கிலத்தின் ஹேவ், இலத்தீனின் 'ஹபேரே' இரண்டுக்கும் கொண்டிருத்தல் என்றே பொருள். ஆயினும் இரண்டுக்கும் வேர் வேறு. ஹேவ் என்பதற்கு முறைப்படி உறவான இலத்தீன் சொல், பிடித்தல் என்று பொருள்படும் 'கப்பேரே'. ஒலி ஒற்றுமை ஒன்றையே வைத்து உலகமொழிகள் அனைத்தையும் தமிழோடு முடிச்சுப்போடும் பட்டியல்கள் கைப்பேசிகளில் சுற்றிவருகின்றன. அவற்றை அனுப்புவோர் இந்த ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் இருத்தினால் நல்லது.

ஒரே இலத்தீன் சொல் ஆங்கிலத்தில் பலமுறை வந்ததுண்டா?

'டிஸ்குஸ்' என்ற வட்டத்தட்டு இதில் முதலிடம் பெறும். முதலில் பழைய ஆங்கிலத்தில் நுழைந்து டிஷ் என்ற உணவுத்தட்டாயிற்று. இடைக்கால இலத்தீன் வழியே டெஸ்க் என்ற எழுதுமேசையாயிற்று. பிரெஞ்சு வழியே டயஸ் என்ற மேடையாயிற்று. பின்னர் அறிஞர்கள் டிஸ்க் என்று எடுத்தார்கள். விளையாட்டுத் திடலில் டிஸ்கஸ் என்று மூல வடிவிலேயே வீசுகிறார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறித்த 'ஊன்கியா', அடியின் பன்னிரண்டில் ஒன்றாக இன்ச்சும், பிரெஞ்சு வழியே அவுன்சுமாக இருமுறை வந்தது. கவலையற்ற என்று பொருள்படும் 'செக்கூருஸ்' பழைய ஆங்கிலத்தில் 'சிக்கோர்', நார்மானியருக்குப் பின் ஷூர், பதினாறாம் நூற்றாண்டில் செக்யூர் என்று மும்முறை வந்தது; முதலில் வந்தது ஸ்காட்லாந்துப் பேச்சில் மட்டும் ஒண்டியிருக்கிறது.

ஒரு சொல்லின் பொருள் மூலத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகக்கூடும்?

ஷேம்பிள்ஸ் என்ற சொல்லைப் பாருங்கள். இன்று அதற்குப் பொருள் முழு அலங்கோலம். இலத்தீனின் 'ஸ்கமெல்லும்' என்பதோ ஒரு சிறிய முக்காலிப் பலகை. பழைய ஆங்கிலத்தில் அது காலை வைத்துக்கொள்ளும் பலகையையும், பொருள்களைப் பரப்பி விற்கும் பலகையையும் குறித்தது. இடைக்காலத்தில் இறைச்சி விற்கும் பலகை, பிறகு அத்தகைய கடைகள் நிறைந்த இறைச்சிச் சந்தை, பிறகு கசாப்புக்கூடம், பிறகு இரத்தம் சிந்திய களம், கடைசியில் வெறும் ஒழுங்கின்மை என்று படிப்படியாக நகர்ந்தது. யார்க் நகரில் ஷேம்பிள்ஸ் என்ற பெயரிலேயே ஒரு குறுகிய தெரு இருக்கிறது. கசாப்புக் கடைகள் இருந்த அந்தத் தெருவின் வீடுகள் சிலவற்றில், இறைச்சியைப் பரப்பி வைத்த அகலமான சன்னல் பலகைகளை இன்றும் காணலாம்.

ஐலண்டு, டெட் ஆகிய சொற்களில் ஒலிக்காத எழுத்து எதற்கு?

இலத்தீன் மோகத்தால். ஐலண்டு முழுக்க முழுக்கப் பழைய ஆங்கிலச் சொல்; நீர்சூழ் நிலம் என்பது அதன் பொருள். 'இன்சுலா' என்ற இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியே வந்த ஐல் என்ற சொல்லோடு அதைக் குழப்பி, அதற்குரிய சகர எழுத்தை இதற்கும் செருகினார்கள். கடன் என்று பொருள்படும் டெட் உண்மையிலேயே இலத்தீன் வழிவந்தது; ஆனால் பிரெஞ்சில் பகரம் கெட்டுப்போன பின்னரே ஆங்கிலத்துக்கு வந்தது. 'டேபிட்டும்' என்ற மூலத்தைக் காட்டுவதற்காக அந்தப் பகரத்தைப் பின்னாளில் ஏட்டில் மட்டும் ஒட்டினார்கள். எழுத்துக்கூட்டித் தொல்லைப்படும் பள்ளிப் பிள்ளைகள் குறைசொல்ல வேண்டியது இந்தப் புலமைக் காட்சியைத்தான்.

கேஷ் என்பது காசுதானே?

இது பழைய ஆங்கிலச் சொல் அன்று. ஆயினும் கேட்காதவர் இல்லை என்பதால் சேர்க்கப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒரே வடிவில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரொக்கம் என்று பொருள்படும் கேஷ், இலத்தீனின் 'காப்சா' என்ற பெட்டியிலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியே பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்துப் பின்னர் பெட்டிக்குள் இருப்பதைக் குறித்தது. பீடு மிளகு வைத்திருந்த பெட்டியைச் சொல்ல அவருடைய மாணவர் எழுதியதும் இந்தக் 'காப்சா'வின் சிற்றுருவான 'காப்செல்லா'வையே.

மற்றொரு கேஷ், ஆசியாவின் சிறு நாணயத்தைக் குறிப்பது. அது தமிழ்க் காசு. போர்த்துக்கீசியரின் வாயில் 'கைஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நடுவே சதுரத் துளையிட்ட சீனச் செப்புக்காசுகளையும் ஐரோப்பியர் இந்தப் பெயராலேயே அழைத்தனர். நாணய சேகரிப்பாளர்கள் இன்றும் அப்படியே அழைக்கின்றனர்.